வீட்ல பாட்டு ரெக்கார்டு பண்ண முதல் கீபோர்டு, முதல் மைக்: ஒன்றரை வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதற ரிவ்யூ

மைக் பத்தி சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டு சீலிங் ஃபேனைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா நான் வாங்கின சாமான், திருப்பி அனுப்பின சாமான், இப்ப வச்சிருக்கற சாமான் எல்லாத்தையும் முடிவு பண்ணது அந்த ஃபேன்தான். திருச்சி உறையூர்ல வீடு, மாடில பத்துக்குப் பத்து ரூம், தெருவப் பாத்த மாதிரி ஒரு ஜன்னல், ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு கட்டில். சித்திரை வெயில்ல அந்த ரூம்ல ஃபேன் இல்லாம பத்து நிமிஷம் உக்காந்து பாட முடியாது. கீழ அம்மா குக்கர் வச்சா விசில் மேல வரைக்கும் வரும், தெருவுல ஹார்ன், சாயங்காலம் ஆனா காக்கா. வெளிநாட்டுக்காரங்க வீடியோல கார்பெட் விரிச்சு, கனமான திரை போட்டு, கதவ மூடிட்டு உக்காந்து இதான் பெஸ்ட் மைக்னு சொல்றாங்க, அது அவங்க ரூமுக்கு பெஸ்ட். நமக்கு மொசைக் தரை, வெறுஞ்சுவர், கை தட்டினா டங்குனு திரும்பி வரும்.

இதெல்லாம் ஆரம்பிச்சது அக்கா பொண்ணுக்காக. பதினாலு வயசு, கர்நாடக சங்கீதம் பாடறா, கூடவே வெஸ்டர்ன் கீபோர்டு கிளாஸும் போறா. அவ பாடறத போன்லயே புடிச்சு சொந்தக்காரங்களுக்கு அனுப்பிட்டு இருந்தோம், ஒரு நாள் அவளே கேட்டுட்டு "மாமா, என் குரல் இப்படித்தான் இருக்குமா"ன்னு கேட்டா. போன் தானா சத்தத்த ஏத்தி எறக்கி, மெதுவா பாடினதையும் கத்தினதையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து வச்சிருந்துச்சு, அவ பழகிப் பழகிக் கொண்டு வந்த நெளிவு எல்லாம் அதுல காணாமப் போயிருந்துச்சு. அன்னிக்குத்தான் ஒழுங்கா ஒரு செட்டப் போடணும்னு முடிவு பண்ணேன்.

முதல்ல வாங்கினது ஒரு ஆன்லைன் கிட். கண்டென்சர் மைக் (கரண்ட் குடுத்தா வேலை செய்யற, நுணுக்கமா சத்தம் புடிக்கற வகை), மேஜைல மாட்டற மடக்கு ஸ்டாண்டு, பஞ்சு, பாப் ஃபில்டர் எல்லாம் சேத்து 2,000 ரூபாய்க்குள்ள, பேரு வேணாம், அதே சாமான் பத்து பேர்ல வருது. படத்துல பாத்தா பெரிய ஸ்டுடியோ மைக் மாதிரியே இருக்கும். கூட வர ஒயர்ல ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் (மூணு முள் உள்ள மைக் பிளக்), இன்னொரு பக்கம் 3.5 எம்எம் பின், அத லேப்டாப்ல நேரா சொருகச் சொல்வாங்க. அங்கதான் பிரச்சனையே. ஸ்டுடியோ கண்டென்சர் மைக் வேலை செய்ய 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது மைக் ஒயர் வழியாவே போற கரண்ட், வேணும், லேப்டாப் மைக் ஜாக்ல வரது சில வோல்ட்தான். இந்த மாதிரி விலை கம்மி மைக்ல உள்ள ஒரு சின்ன எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல் இருக்கும், அது அந்த கொஞ்ச கரண்ட்லயே எப்படியோ ஓடிடும், ஆனா சத்தம் ரொம்ப மெலிசா வரும், அத ஏத்தினா கூடவே உஸ்ஸுனு ஹிஸ்ஸும் ஏறும். அவ ஒரு கீர்த்தனை முழுசா பாடி முடிச்சா, ஹெட்ஃபோன்ல கேட்டா மழை பெய்ற மாதிரி பின்னாடி ஒரு இரைச்சல். அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல. மறுநாளே பார்சல் கட்டி திருப்பி அனுப்பிட்டேன்.

அப்புறம் ஒரு ஃப்ரெண்டு அவரோட ஆடியோ டெக்னிகா ஏடி2020ஐ ரெண்டு வாரம் குடுத்தார், இன்டர்ஃபேஸோட, அதாவது மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டியோட. இது நிஜமான கண்டென்சர், 48 வோல்ட் குடுத்தாத்தான் உயிர் வரும், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வாங்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேன நிறுத்திட்டு ஜன்னல சாத்திட்டு பாடச் சொன்னேன். அப்பா, என்ன ஒரு தெளிவு, அவ மூச்சு எடுக்கறது, சொல்லோட முதல் எழுத்துல நாக்கு தட்டறது, எல்லாம் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி. ரொம்ப நல்ல மைக், அந்த விலைக்கு இதக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு அதே மைக்ல அதே பாட்டு, ஃபேன் இரண்டாவது நம்பர்ல. ஃபேன் காத்து, தெருவுல ஸ்கூட்டி ஸ்டார்ட் பண்றது, கீழ பாத்திரம் வைக்கறது, சுவர்ல மோதித் திரும்பி வர அவ குரலே, எல்லாத்தையும் அந்த மைக் அதே அக்கறையோட புடிச்சு வச்சிருக்கு. மைக் மேல தப்பே இல்ல, அது கேக்கறத சொல்லுது. ஸ்கூல் போற புள்ள, ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பாடணும்னா அந்த செட்டப் எத்தன நாள் ஓடும்?

அதனாலதான் ஷ்யூர் எஸ்எம்58. கோயில் கச்சேரில இருந்து கல்யாண ஆர்கெஸ்ட்ரா வரைக்கும் எங்க பாத்தாலும் இருக்குமே, உருண்டை கிரில் வச்ச அதே மைக். 1966ல வந்தது, இன்னும் அதே டிசைன்ல வித்துட்டு இருக்கு. டைனமிக் மைக், ஃபேண்டம் பவர் வேணாம், பதிவு பண்றது 50 ஹெர்ட்ஸ்ல இருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், அதாவது ஏடி2020ல கேட்ட அந்த மேல்பக்கத்து மினுமினுப்பு இதுல கொஞ்சம் கம்மி. ஆனா இதுல வாய்க்கு ரெண்டு மூணு விரல் தள்ளி நெருங்கிப் பாடலாம், அப்படிப் பாடினா மைக்குக்குள்ள போறதுல பெரும்பங்கு அவ குரல், ரூம் கொஞ்சூண்டு. ஃபேன் ஓடுது, ரெக்கார்டிங்ல தேடிப் பாத்தாத்தான் தெரியுது. நெருங்கிப் பாடினா அடிக்குரல் கொஞ்சம் கனமாகும், அது இந்த மாதிரி எல்லா மைக்லயும் உள்ளது, நாலு விரல் தள்ளினா சரியாயிடும்.

ஒரு விஷயம் இங்க விளக்கமா சொல்லணும், ஏன்னா இத நானே நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். இந்த மைக் எல்லாம் கார்டியாய்ட், முன்னாடி கேக்கும், பின்பக்கம் காது மந்தம். எல்லாரும் மைக்க கீழ இருந்து மேல பாத்த மாதிரி வைப்பாங்க, கச்சேரில வைக்கற மாதிரி. அப்படி வச்சா மைக்கோட முகம் எங்க பாக்குது? பாடறவங்க வாயத் தாண்டி நேரா சீலிங் ஃபேன! நான் பூம் ஸ்டாண்ட உயரத்துல நிறுத்தி, மைக்க நெத்திக்கு மேல இருந்து வாயப் பாத்து கீழ சாய்ச்சு வச்சேன். இப்ப மைக்கோட முதுகுதான் ஃபேன் பக்கம். ஃபேன் சத்தம் பாதிக்கு மேல கொறைஞ்சா மாதிரி காதுக்குத் தெரிஞ்சுது, ஒரு பைசா செலவு இல்ல. மைக்குல நேரா காத்து படாம இருக்க மேல ஒரு பஞ்சு கவர். அதுக்கு மேல மிச்சம் இருக்கற கும்முனு ஒரு அடிச்சத்தத்துக்கு சாஃப்ட்வேர்ல 80 ஹெர்ட்ஸ்ல லோ கட் போட்டுடுவேன், அது அதுக்குக் கீழ உள்ள சத்தத்த வெட்டிடும். குரல் போயிடுமோன்னு பயப்பட வேணாம், ஒரு கட்டை சுருதில பாடற ஆம்பளக் குரலுக்கு மந்தர பஞ்சமமே, அதாவது கீழ் ஸ்தாயி பஞ்சமமே, 98 ஹெர்ட்ஸ் கிட்டத்தான் வரும், அஞ்சு கட்டைல பாடற பொம்பளப் புள்ளைக்கு 147 கிட்ட, ரெண்டுமே அந்த வெட்டுக்கு மேலதான் இருக்கு.

பீரோவ பின்னாடி வச்சுப் பாடறதுக்கும், கட்டில் மெத்தைய நிமித்தி சாத்தி வச்சுப் பாடறதுக்கும் உள்ள வித்தியாசத்த ஒரு தடவ ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. மைக் பாக்கற திசைல, அதாவது பாடறவங்க முதுகுக்குப் பின்னாடி, ரெண்டு ஜமக்காளம், ஒரு கம்பளி தொங்கவிட்டிருக்கேன். முட்டை அட்டை ஒட்டறாங்க நிறைய பேர், தயவு செஞ்சு வேணாம், அது சத்தத்த உறிஞ்சற அளவுக்கு கனமே கெடையாது, தூசியும் பூச்சியும்தான் சேரும்.

டைனமிக் மைக்ல ஒரே கஷ்டம், சத்தம் கம்மியா குடுக்கும். ஒரே அளவு சத்தத்துக்கு ஏடி2020 14.1 மில்லிவோல்ட் குடுக்குதுன்னா எஸ்எம்58 குடுக்கறது 1.85 மில்லிவோல்ட், ஏழுல ஒரு பங்கு கூட இல்ல. அதனால இன்டர்ஃபேஸ்ல நல்ல கெயின், அதாவது சத்தத்த ஏத்தற சக்தி, வேணும். நான் வச்சிருக்கறது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ நாலாவது ஜெனரேஷன், 57 டெசிபல் கெயின் இருக்கு, நெருங்கிப் பாடறதுக்கு அது தாராளமா போதும், முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல திருப்பி வைப்பேன். மெதுவா கதை படிக்கறது, தாலாட்டு மாதிரி முணுமுணுத்துப் பாடறதுன்னா அதே ஜெனரேஷன்ல 2ஐ2 பாருங்க, அதுல 69 டெசிபல். வீடியோல எல்லாரும் வச்சிருக்காங்கன்னு எஸ்எம்7பி வாங்க ஆசப்படறவங்களுக்கும் இதான் பதில், அது எஸ்எம்58ஐ விடவும் மெலிசா குடுக்கற மைக், விலை மூணு நாலு மடங்கு, ஆரம்பத்துலயே அந்தப் பணத்த அங்க போடாதீங்க.

இன்டர்ஃபேஸும் வேணாம், ஒரே ஒயர்ல முடியணும்னா யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் ரெண்டும் இருக்கற டைனமிக் மைக் இருக்கு, சாம்சன் க்யூ2யூ, ஃபிஃபைன் ஏஎம்8 மாதிரி. இன்னிக்கு யூஎஸ்பில ஆரம்பிச்சு, நாளைக்கு இன்டர்ஃபேஸ் வாங்கினா அதே மைக்க எக்ஸ்எல்ஆர்ல மாட்டிக்கலாம். காசு நெருக்கடின்னா இதான் என்னோட பரிந்துரை, வெக்கப்படவே தேவையில்ல, பேச்சுக்கும் பாட்டுக்கும் நல்லாவே இருக்கும்.

கெயின் வைக்கறது எப்படின்னு பல பேர் கேக்கறாங்க. சரளி வரிசை பாடச் சொல்லி கெயின் வைக்காதீங்க. பாட்டுல எங்க உச்சத்துக்குப் போறாளோ, மேல் ஸ்தாயி பஞ்சமம் புடிக்கற அந்த இடத்த முழுக் குரல்ல பாடச் சொல்லி, அங்க மீட்டர் மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கற மாதிரி வைங்க. 24 பிட்ல ரெக்கார்டு பண்ணா மெதுவா பாடின இடத்த அப்புறம் ஏத்திக்கலாம், உடைஞ்சு போன உச்சத்த ஒட்ட வைக்க முடியாது.

அடுத்து என்னைய ஒரு மாசம் தூங்க விடாத ஒரு ஹம். கும்முனு ஒரு சத்தம், எல்லா டேக்லயும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அவ பாடறது அஞ்சு கட்டை, அதாவது ஜி. கீழ் ஜி ஒண்ணோட அளவு 49 ஹெர்ட்ஸ். அப்ப கரண்டோட ஹம் கிட்டத்தட்ட அவ ஸட்ஜமேதான், ஆனா கொஞ்சம் ஏறின ஸட்ஜம்! அவ ஸட்ஜம் 196ல நிக்குது, ஹம்மோட நாலு மடங்கு மேல் அலை 200ல நிக்குது, ரெண்டும் மோதி வினாடிக்கு நாலு தடவ அலையடிக்குது. புள்ள "மாமா, சுருதி சேரவே மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டே இருந்தா, நான் தம்புரா ஆப்ப மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்தேன், அவ காது சரியாத்தான் சொல்லிருக்கு. கடைசில பாத்தா லேப்டாப் சார்ஜர். சார்ஜர உருவிட்டு பேட்டரில ஓட்டினா ஹம் சுத்தமா நின்னுச்சு. எலெக்ட்ரீஷியன கூப்பிட்டு அந்த பிளக் பாயிண்ட்ல எர்த் இருக்கான்னு பாக்கச் சொன்னேன், எர்த் ஒயர் உள்ளயே கழண்டு கெடந்துச்சு, அத மாட்டினதும் சார்ஜர் போட்டாலும் தொந்தரவு இல்ல. மைக்கயோ இன்டர்ஃபேஸயோ மாத்தறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துடுங்க, உயிருக்கும் நல்லது.

தம்புரா சத்தத்த ஸ்பீக்கர்ல வைக்காதீங்க, ஹெட்ஃபோன்ல மட்டும். ஸ்பீக்கர்ல வச்சா அது மைக்குக்குள்ள போயி குரலோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்க முடியாது. ஹெட்ஃபோன் மூடின வகையா இருக்கட்டும், நான் ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் வச்சிருக்கேன், சௌக்கியமா இருக்கு. ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, பாடினது காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள தாளம் தள்ளிப் போயிடும். இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும், அத போட்டா கம்ப்யூட்டர சுத்தி வராம அவங்க குரல் அவங்களுக்கு உடனே கேக்கும். இது தெரியாம எத்தன பேர் மைக்க குறை சொல்லிட்டு இருக்காங்க.

சரி, கீபோர்டுக்கு வரேன்.

கீபோர்டுன்னாலே நம்ம ஊர்ல ஸ்பீக்கர் வச்சு, பட்டன தட்டினா ரிதம் வாசிக்கற கீபோர்டுதான் ஞாபகம் வரும். ரெக்கார்டிங்குக்கு இன்னொரு வகை இருக்கு, மிடி கண்ட்ரோலர். அதுக்கு சொந்தமா சத்தமே கெடையாது, அமுக்கினா டக் டக்குனு கட்டை சத்தம் மட்டும்தான். அது கம்ப்யூட்டருக்கு சொல்றது எந்தக் கட்டை, எவ்ளோ வேகமா அமுக்கினாங்க, எப்ப விட்டாங்க, அவ்ளோதான். வேகத்த 1ல இருந்து 127 வரைக்கும் ஒரு நம்பரா அனுப்பும். 1983ல வந்த ஏற்பாடு, இன்னிக்கும் அதே மிடிதான் எல்லா எடத்துலயும் ஓடுது. சத்தம் எல்லாம் கம்ப்யூட்டர் உள்ள இருந்து வருது. இதுல பெரிய லாபம் என்னன்னா மைக்கே வேணாம், ஃபேன் ஓடட்டும், குக்கர் விசிலடிக்கட்டும், கீபோர்டு டிராக்ல ஒண்ணும் ஏறாது. ஒரு ஸ்வரம் தப்பா விழுந்தா அத மட்டும் நகத்தி வைக்கலாம், பியானோல வாசிச்சத அப்புறமா ஸ்ட்ரிங்ஸா மாத்திக்கலாம். இன்டர்ஃபேஸ்ல ஒரு ஓட்டையும் அது எடுத்துக்காது, அதனாலதான் ஒரே ஒரு மைக் இன்புட் உள்ள சோலோ எங்களுக்கு போதுமா இருக்கு.

இதுல எல்லாரும் முதல்ல பாக்கறது ஆகாய் எம்பிகே மினி எம்கே3, இல்லனா ஆர்டூரியா மினிலேப் 3. ரெண்டுமே 25 சின்னக் கட்டை, விரலால தட்டி வாசிக்கற எட்டு பேடு, திருகற நாப் எல்லாம் இருக்கும், பைல போட்டு எடுத்துட்டுப் போகலாம். பீட் போடறவங்க, சினிமா பாட்டு மாதிரி லூப் அடுக்கறவங்களுக்கு ரொம்ப நல்லது, அந்த பேடு தட்டறதுல ஒரு சுகம் இருக்கு, மறுக்கவே மாட்டேன். ஆனா எங்க வீட்டுக் கதை வேற. கிளாஸ்ல பெரிய கட்டைல பழகின விரல், சின்னக் கட்டைல வந்தா ஆக்டேவ் தாவும்போது தள்ளிப் போய் விழுது. இன்னொண்ணு, 25 கட்டைன்னா சரியா ரெண்டு ஸ்தாயி, இடது ஓரத்துல சி. அத ஸட்ஜமா வச்சுக்கிட்டா மந்தர பஞ்சமத்துக்கு கட்டையே இல்ல. நம்ம பாட்டு ஒவ்வொண்ணும் கீழ ஒரு தடவ எறங்கிட்டு வரும், அப்ப பாதில ஆக்டேவ் பட்டன தேடணும். 49 கட்டைன்னா நாலு ஸ்தாயி, நடுவுல ஸட்ஜம் வச்சுக்கலாம், ரெண்டு பக்கமும் இடம் இருக்கும்.

அதனால வாங்கினது எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49 எம்கே3. கடைல போயி அமுக்கிப் பாத்துதான் வாங்கணும்னு வச்சிருந்தேன், வேற வேலையா சென்னை போனப்ப மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல்லயும், இன்னும் ரெண்டு கடைலயும் ஏறி எறங்கி ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். மியூசி 1842ல இருந்து இருக்கற கடை, உள்ள போனா வீணைல இருந்து பியானோ வரைக்கும் கண்ண விட்டு நகர மாட்டேங்குது. கீஸ்டேஷன்ல பேடு இல்ல, ஸ்க்ரீன் இல்ல, பெரிய அளவு கட்டை, ஒரு வால்யூம் ஸ்லைடர், சஸ்டெயின் பெடல் (மிதிச்சா ஸ்வரம் நீளும்) சொருக எடம், அப்புறம் இடது பக்கம் ரெண்டு வீல். யூஎஸ்பிலயே கரண்ட் எடுத்துக்கும். கட்டை லேசா இருக்கும், பியானோ கனம் எதிர்பாக்காதீங்க, கிரேடு பரீட்சைக்கு பியானோவே பழகறவங்களுக்கு இது பத்தாது. 

அந்த ரெண்டு வீல்ல முதல் வீல் பிட்ச் பெண்ட், ஸ்வரத்த வளைக்கறது. நம்ம சங்கீதத்துக்கு கீபோர்டு வாங்கறவங்க இத முதல்ல பாக்கணும், கட்டை எண்ணிக்கையக் கூட அப்புறம் பாக்கலாம். கட்டைய மட்டும் அமுக்கி தோடி வாசிச்சா அது தோடியே இல்ல, காந்தாரம் குச்சி மாதிரி நிக்கும். இப்ப கட்டைய அமுக்கிட்டு இடது கட்டை விரலால வீல மெல்ல மேல தள்ளிட்டு விடணும். பெரும்பாலான சாஃப்ட்வேர்ல வீலோட எல்லை ரெண்டு அரைஸ்வரம், அதாவது சாதாரண காந்தாரத்துல இருந்து முழுசா தள்ளினா சரியா சுத்த மத்யமத்துல போய் நிக்கும், தோடி காந்தாரம் ஆடற ஆட்டத்துக்கு அது அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு. அவ ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இத மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, காந்தாரம், வீல், காந்தாரம், வீல். முதல்ல சைரன் மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் காபி குடுக்க அம்மா மேல வந்தவங்க வாசல்லயே நின்னுட்டாங்க, "தோடியா?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கே கீஸ்டேஷனுக்கு குடுத்த காசு சரியாப் போச்சு. எம்பிகே மினில வீலுக்குப் பதிலா சின்ன ஜாய்ஸ்டிக், மினிலேப்ல விரல வச்சு தடவற பட்டை. ரெண்டுலயும் வளைக்கலாம், ஆனா ஜாய்ஸ்டிக்ல நகர்ற தூரம் கம்மி, பட்டைல விரலுக்கு எங்க இருக்கோம்னு தெரியாது, நிதானமா ஆட்ட வீல்தான் கைக்கு வாகு.

கம்ப்யூட்டர ஆன் பண்ணாம தட்டினா சத்தம் வரணும், வீட்ல பெரியவங்களும் வாசிப்பாங்கன்னா ஸ்பீக்கர் வச்ச கீபோர்டே வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா ரெக்கார்டிங்கும் பண்ணணும்னா மூணு விஷயம் கேட்டுட்டு வாங்குங்க, டச் ரெஸ்பான்ஸ் இருக்கா, கம்ப்யூட்டருக்குப் போற யூஎஸ்பி இருக்கா, பிட்ச் பெண்ட் வீல் இருக்கா. யமஹா பிஎஸ்ஆர் ஈ273யும் ஈ373யும் பக்கத்துல பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா 273ல டச்சும் இல்ல, யூஎஸ்பியும் இல்ல, மெதுவா அமுக்கினாலும் ஓங்கி அமுக்கினாலும் ஒரே சத்தம். 373ல ரெண்டும் உண்டு, அதுவும் யூஎஸ்பி வழியா மிடி மட்டும் இல்லாம ஆடியோவே கம்ப்யூட்டருக்குப் போகும், இன்டர்ஃபேஸ் இல்லாமலே அந்த சத்தத்த சுத்தமா பதிவு பண்ணலாம். பிட்ச் வீல் மட்டும் அதுல கெடையாது. தபேலா, நம்ம ஊர் ரிதம் எல்லாம் வேணும்னா யமஹா பிஎஸ்ஆர் ஐ500, கேசியோ சிடி-எக்ஸ்870ஐஎன் இந்த மாதிரி இந்தியாவுக்குன்னே போட்ட மாடலப் பாருங்க. 

டிரான்ஸ்போஸ் பத்தி ஒரு வார்த்தை. அஞ்சு கட்டைன்னு நாம சொல்றதே ஹார்மோனியத்து வெள்ளைக் கட்டைய 'சி'ல இருந்து எண்ணின கணக்குதான், சி ஒண்ணு, ஜி அஞ்சு. கைக்குப் பழகினது 'சி'ல இருந்து வாசிக்கறது, குரலுக்கு வேண்டியது ஜி. கீபோர்டுலயோ சாஃப்ட்வேர்லயோ ஏழு அரைஸ்வரம் ஏத்தி வச்சுட்டா விரல் பழைய எடத்துலயே ஓடும், சத்தம் அஞ்சு கட்டைல வரும். சில பாட்டு வாத்தியார்களுக்கு இது புடிக்காது, எல்லாக் கட்டைலயும் விரல் பழகணும்பாங்க, அதுவும் நியாயம்தான், ஆனா ரெக்கார்டிங் அன்னிக்கு இத யூஸ் பண்ணிக்கோங்க.

கட்டைய அமுக்கின அப்புறம் சத்தம் லேட்டா வருதுன்னா கீபோர்டு பழுதுன்னு நினைக்காதீங்க, சாஃப்ட்வேர்ல பஃபர் சைஸ் பாருங்க, கம்ப்யூட்டர் சத்தத்த எவ்ளோ சேத்து வச்சு அனுப்புதுங்கற அளவு அது. 48,000 சாம்பிள் ரேட்ல பஃபர் 1024 வச்சிருந்தா அது மட்டுமே 21 மில்லிசெகண்டு, 128 ஆக்கினா 2.7தான். விண்டோஸ்னா இன்டர்ஃபேஸோட சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர (தாமதத்தக் கொறைக்கற சாஃப்ட்வேர்) போட்டுக்கோங்க, சொந்த டிரைவர் வரும் இன்டர்ஃபேஸா பாத்து வாங்கறதும் நல்லது. மிக்ஸ் பண்ணும்போது திரும்ப ஏத்திக்கலாம், பழைய லேப்டாப் திணறாது. சாஃப்ட்வேர் நான் ரீப்பர் வச்சிருக்கேன், 60 நாள் சும்மா ஓட்டிப் பாக்கலாம், அப்புறம் சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். மேக் இருக்கறவங்களுக்கு கராஜ்பேண்ட் இலவசமாவே இருக்கு, ஆரம்பத்துக்கு அதுக்கு மேல ஒண்ணும் தேவையில்ல.

சஸ்டெயின் பெடல் தலைகீழா வேலை செய்யுது, மிதிச்சா நிக்குது விட்டா இழுக்குதுன்னு சொல்றவங்க, பெடல் மேல கால வைக்காம சொருகிட்டு அப்புறம் கீபோர்ட ஆன் பண்ணுங்க, பல கீபோர்டு ஆன் ஆகும்போதுதான் பெடலோட திசையத் தெரிஞ்சுக்கும்.

மொத்தமா எனக்கு மைக், இன்டர்ஃபேஸ், கீஸ்டேஷன், ஹெட்ஃபோன், பூம் ஸ்டாண்டு, எக்ஸ்எல்ஆர் கேபிள், பெடல் எல்லாம் சேத்து 40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ ஆச்சு, ஒரே மாசத்துல இல்ல, எட்டு மாசத்துல ஒண்ணொண்ணா. ஸ்டாண்டுல மட்டும் மிச்சம் புடிக்காதீங்க, லேசான ஸ்டாண்டு பாதிப் பாட்டுல மெல்ல மெல்ல தல குனியும், டேக் போயிடும்.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறவங்களுக்கு. கீபோர்டுன்னா லேப்டாப்ப கையோட எடுத்துட்டுப் போயி ஒவ்வொரு கட்டையையும் மெதுவா ஒரு தடவ, ஓங்கி ஒரு தடவ அமுக்கிப் பாருங்க, நம்பர் மாறுதான்னு ஸ்க்ரீன்ல தெரியும், ஏதாவது ஒரு கட்டை மட்டும் எப்படித் தொட்டாலும் 127 காட்டினா வேணாம்னு வந்துடுங்க. வீல தள்ளிட்டு விட்டா சரியா நடுவுக்கு வந்து நிக்கணும், வரலன்னா எல்லா ஸ்வரமும் சுருதி விலகியே இருக்கும். எஸ்எம்58ல போலி நிறைய சுத்துது, எழுத்து, பெட்டி எல்லாம் அச்சு அசலா இருக்கும். அசல் மைக் 298 கிராம், சமையல் தராசுல வச்சுப் பாருங்க, அது மட்டுமே போதாது, ஆனா ரொம்ப லேசா இருந்தா அங்கயே விட்டுடலாம். பழைய கண்டென்சர் மைக்க பில் இல்லாம வாங்க நான் சொல்ல மாட்டேன், அதுவும் கடலோர ஊர்ல இருந்து வருதுன்னா ஈரம் ஏறிருக்கும், ஃபேண்டம் போட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு படபடன்னு வெடிக்கற மாதிரி சத்தம் வந்தா அதான் காரணம். சொந்த கண்டென்சர் வச்சிருக்கறவங்க பாடி முடிச்சதும் ஸ்டாண்டுலயே விட்டுடாம, டப்பால சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி வைங்க.